மூன்று காரணங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். ஆனால் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் நான் கோபப்பட்டது குறைவு. என் கோபமெல்லாம் பாடப்புத்தகத்தின் மேல்தான். நல்ல கதை ஒன்றைப் போடுவார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கதை முடிந்ததும் கீழே ஒரு கட்டம் கட்டி, 'கோடிட்ட இடத்தை நிரப்புக: நரி ______ குணம் கொண்டது' என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் சரி. மற்றதெல்லாம் தப்பு. பசியோடு உட்கார்ந்த பிள்ளைக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, முதல் வாய் வைக்கும் முன் தட்டைப் பிடுங்குகிற வேலை இது.

அதனால் நானாகவே ஒரு விளையாட்டை உண்டாக்கினேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒரு கதை வாசிப்போம். அந்தக் கதையில் வரும் யாராவது ஒருவரைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டும். கதையில் அதிகம் பேச விடப்படாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஆளாகவே மாறி, 'நான் இதைச் செய்தேன், அதைச் செய்தேன்' என்று சில வரிகள் எழுத வேண்டும். ஏன் செய்தேன் என்று மட்டும் எழுதக்கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒவ்வொரு தாளாக நான் வாசிப்பேன். மற்றவர்கள் மூன்று காரணமாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது காரணம் வரும்வரை அந்த ஆளை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் பெஞ்சின் மேல் நின்று தவளை மாதிரி கத்த வேண்டும். மறைத்து வைத்த காரணத்தை யாராவது சரியாகச் சொல்லிவிட்டால், எழுதிய பிள்ளை கைதட்ட வேண்டும்.

"முதல்ல மனசுக்கு வர்ற காரணம் சோம்பேறிக் காரணம். அதை நம்பாதீங்க. இன்னும் ரெண்டைத் தேடுங்க" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன்.

பிள்ளைகள் பிய்த்து உதறுவார்கள். 'நான் கரடி. நான் வீட்டின் ஜன்னலை உடைத்தேன்' என்று ஒருத்தன் எழுதியிருந்தான். பசி என்றாள் ஒருத்தி. உள்ளே தீப்பிடித்து ஒரு குழந்தை அழுதது என்றான் இன்னொருத்தன். வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவள் எழுந்து, "அது கரடியோட வீடுதான் மிஸ். சாவி தொலைஞ்சுபோச்சு" என்றாள். அந்த வாரம் முழுக்க ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

எனக்குத் தலைக்கனம் ஏறியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்ற ஆசிரியைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி முதுகில் தட்டிக்கொடுக்காத குறையாகப் புகழ்ந்துவிட்டுப் போனார். கடிகாரம் பழுது பார்க்கிற என் வீட்டுக்காரர் மட்டும், "ஊருக்கெல்லாம் மூணு காரணம். நான் வீட்டுக்கு லேட்டா வந்தா மட்டும் உனக்கு ஒரே காரணம்தான்" என்றார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டாணி அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவள். உருவம் அப்படி, அதனால் பெயர் அப்படி. எட்டு வயதுக்கு ஆறு வயது உயரம். அவள் முதல் வகுப்பில் இருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். போன வருடம் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், படங்களுக்கு பிரேம் போடுகிறவள். அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும் ஆசிரியர் அறையில் பட்டாணியின் பேச்சு வந்தாலே, "பாவம், சித்தி கையில மாட்டிக்கிச்சு" என்று யாராவது உச்சுக்கொட்டுவார்கள். நானும்தான் கொட்டினேன்.

மாலை மூன்றரைக்கு அந்தச் சித்தி கேட்டருகே வந்து நிற்பாள். ஒல்லியாக, உயரமாக, விரல்களில் இரண்டு மூன்று பிளாஸ்திரியோடு. சிரிக்க மாட்டாள். பட்டாணியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பாள். பட்டாணி பின்னால் ஓடுவாள். ஒருநாளும் அவள் பிள்ளையின் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை. இதை நான் கவனித்து மனதில் வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்ன, சேமித்தே வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாடத்தில் ஒரு ராஜா கதை. ராணி இறந்துபோகிறாள், புது ராணி வருகிறாள், இளவரசியைப் படாதபாடு படுத்துகிறாள், ஒரு பறவை ராஜாவிடம் போய்ச் சொல்ல, புது ராணி நாட்டை விட்டுத் துரத்தப்படுகிறாள். கீழே வழக்கமான கட்டம்: 'சிற்றன்னை ______ உள்ளம் கொண்டவள்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தக் கட்டத்தை யாரும் நிரப்ப வேணாம். அந்தப் புது ராணி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினாளா இந்தக் கதையில? யோசிங்க" என்றேன். பட்டாணி அன்றைக்குக் கை நோக எழுதினாள். மணி அடித்த பிறகும் எழுதிவிட்டு, தாளை நாலாக மடித்து என் கையில் தந்தாள். கண் இரண்டும் பளபளத்தன.

பிள்ளைகள் போன பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன்.

'நான் புது ராணி. நான் இளவரசியைச் சின்ன அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பழைய ராணியின் படத்தைச் சுவரில் இருந்து எடுத்து ஒளித்து வைத்தேன். ராஜாவிடம் சொல்லக்கூடாது என்று இளவரசியிடம் சத்தியம் வாங்கினேன். இளவரசியின் விரலில் ரத்தம் வந்தது.'

பட்டாணியின் வலது கை ஆள்காட்டி விரலில் அந்த வாரம் முழுக்க பிளாஸ்திரி இருந்தது ஞாபகம் வந்தது. இது கற்பனை இல்லை, பிள்ளை தன் வீட்டைத்தான் எழுதியிருக்கிறாள் என்று அடித்துச் சொன்னது என் மனது. அதில் நான் தவறவில்லை. அவள் வீட்டைத்தான் எழுதியிருந்தாள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. பதறினேன், உண்மை. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அடியில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. பார்த்தாயா, என் விளையாட்டு ஒரு பிள்ளையைப் பேச வைத்துவிட்டது என்கிற பெருமை. கதையில் வரும் பறவை நான்தான் என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

திங்கள்கிழமை காலை பட்டாணியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"பயப்படாம சொல்லு. உன்னைச் சின்ன ரூம்ல வெச்சுத் தாழ்ப்பாள் போட்டாங்களா?"

தலையாட்டினாள்.

"அம்மா போட்டோவை எடுத்துட்டாங்களா?"

அதற்கும் ஆட்டினாள்.

"அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்களா?"

உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு மூன்றாவது முறையும் ஆட்டினாள். அதற்குப் பிறகும் என் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து நான் ஏதோ கேட்கப் போகிறேன் என்று காத்திருந்த மாதிரி. பயத்தில் வாய் அடைத்துப்போய் நிற்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஏன் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. வாரா வாரம் முப்பத்தாறு பிள்ளைகளிடம் ஏன் ஏன் என்று கேட்கிறவள், அன்றைக்கு ஒரு பிள்ளையிடம் ஒரு தடவை கேட்கவில்லை.

தலைமையாசிரியையை நாங்கள் எல்லோரும் பெரிய மிஸ் என்போம். அவர் அறைக்குப் போய் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "மிஸ், மூணாம் வகுப்புல சித்தி கொடுமை. பிள்ளையைப் பூட்டி வெச்சு, கையைக் காயப்படுத்தி, செத்துப்போன அம்மா போட்டோவைக்கூட விட்டு வைக்கல. அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு மிரட்டல் வேற" என்றேன். தாளை அதற்குப் பிறகுதான் நீட்டினேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் படித்தால் அந்தத் தாளில் வேறு என்ன தெரியும்?

பெரிய மிஸ் பிள்ளையின் அப்பாவுக்கு போன் செய்தார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ, எடுக்கவில்லை. பதிவேட்டில் இரண்டாவதாக இருந்தது பட்டாணியின் பெரியம்மா எண், இறந்துபோனவளின் அக்கா. அம்மா உயிரோடு இருந்தபோது எழுதியது, யாரும் மாற்றவில்லை. அந்த அம்மாள் அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். "எனக்கு அன்னைக்கே தெரியும், அன்னைக்கே தெரியும்" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பட்டாணியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பட்டாணி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்றரைக்குச் சித்தி வந்தாள். மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அவள் ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். கூட்டம் குறைந்தது, ரிக்‌ஷாக்கள் போயின, கேட்டருகே அவள் மட்டும் நின்றாள். பையை வாங்கக் கையைப் பாதி நீட்டியபடியே நின்றாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி நின்றிருக்க மாட்டாள், நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். நான் கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினேன். அவர் போய் இரண்டு வார்த்தை பேசினார். அவள் ஒன்றும் கேட்காமல் திரும்பி நடந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தாள்களை வாசிக்கும் நாள். பட்டாணி அந்த வாரம் பள்ளிக்கு வரவே இல்லை. அவள் தாள் பெரிய மிஸ் அறையில் ஒரு கோப்பில் இருந்தது. நான் மற்ற தாள்களை வாசித்து முடித்ததும் வக்கீல் எழுந்துவிட்டாள்.

"பட்டாணி பேப்பர் எங்க மிஸ்?"

"அது இன்னைக்கு வேணாம். உக்காரு."

"லீவு போட்டவங்க பேப்பரையும் படிக்கணும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க? நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு" என்றவள், நான் தடுப்பதற்குள் நாலு வரியையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். சின்ன அறை, தாழ்ப்பாள், படம், சத்தியம், ரத்தம்.

வகுப்பு கைகளாக எழும்பியது. இவ்வளவு சுலபமாகக் கிடைத்த தாளை எந்தப் பிள்ளை விடும்?

"வெளியே பாம்பு இருந்துச்சு மிஸ். அதான் உள்ளே வெச்சுத் தாழ்ப்பாள் போட்டாங்க."

"இளவரசிக்கு மணல்வாரி அம்மை போட்டிருக்கும். ராஜாவுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு."

"வெளியே ஏதோ உடைஞ்சு கிடந்திருக்கும் மிஸ். இளவரசி செருப்பு போடாம ஓடி வந்துடுவா. ரத்தம்கூட அதாலதான்."

"படத்துக்குள்ள பல்லி முட்டை போட்டிருக்கும். துடைக்க எடுத்திருப்பாங்க."

"இல்ல, படம் கிழிஞ்சுபோச்சு. ஒட்டறதுக்கு."

வக்கீல் பெஞ்சில் ஏறாத குறையாகக் கத்தினாள். "சத்தியம் வாங்கினது எதுக்குன்னு எனக்குத் தெரியும்! ராஜாவுக்குப் பிறந்தநாள். யார்கிட்டயும் சொல்லாதேன்னு பெரியவங்க சொன்னா அது பிறந்தநாள்தான் மிஸ். எங்க வீட்டுல அப்படித்தான். பழைய ராணி படத்தைப் புதுசாக்கி ராஜாவுக்குக் குடுக்கப் போறாங்க!"

நாலு நிமிடம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருடமாகப் பலகையில் 'தீர விசாரிப்பதே மெய்' என்று எழுதிப் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவள் நான். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளின் வீட்டில் விரல் ஏன் வெட்டுப்படும் என்று யோசிக்க எனக்குத் துப்பில்லை. முதலில் மனதுக்கு வந்ததைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவதைத் தேடாமலே ஒரு பிள்ளையை வீட்டை விட்டுப் பிரித்துவிட்டேன். யார் காதிலும் விழாமல், "தவளை மாதிரி கத்த வேண்டியவள் நான்தான்" என்று சொல்லிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

பள்ளி விட்டதும் நேராக அந்தக் கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. பூட்டுக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர். உள்ளே சுவரோரமாகப் பெரிய பெரிய கண்ணாடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நீள மேஜை, அதன் மேல் கம்பளி விரிப்பு. அவள் ஒரு கண்ணாடியின் மேல் அளவுகோலை அழுத்திப் பிடித்து, வெட்டும் கருவியை ஒரே இழுப்பாக இழுத்தாள். கீச்சென்று சத்தம். பிறகு இரண்டு கையாலும் மெல்ல அழுத்த, கோடு போட்ட இடத்தில் கண்ணாடி சுத்தமாக உடைந்தது. ஓரத்திலிருந்து ஒரு சில்லு தெறித்து என் செருப்பருகே விழுந்தது.

"அங்கயே நில்லுங்க டீச்சர். தரையெல்லாம் தூள்" என்றாள். என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள். திறந்திருந்த கதவு வழியாக ஒரு பாய், ஒரு தலையணை, கலர் பென்சில் டப்பா, பாதி வரைந்த ஒரு வீடு எல்லாம் தெரிந்தன. நான் ஏன் வந்தேன் என்பதை எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் கேட்டுக்கொண்டே வெட்டிய கண்ணாடியின் ஓரத்தைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய ஷீட் வெட்டும்போது மட்டும் உள்ளே வெச்சுத் தாழ்ப்பாள் போடுவேன். ஒருநாள் மறந்துட்டேன். ஓடி வந்து ஒரு சில்லைக் கையில எடுத்துட்டா. அதான் விரல்ல" என்றாள்.

பிறகு மேஜைக்கு அடியில் இருந்து பழைய துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். பட்டாணியின் அம்மா படம். ஈரம் ஏறி, முகத்தின் ஒரு பக்கம் கண்ணாடியோடு ஒட்டியிருந்ததாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்துப் பிரித்தெடுத்திருக்கிறாள்.

"கண்ணாடி நேரா போட்டோ மேல உக்காரக்கூடாது டீச்சர். நடுவுல இந்த மாதிரி அட்டை வெச்சு ஜன்னல் வெட்டணும். அப்பத்தான் படத்துக்கு மூச்சு இருக்கும். முன்னாடி போட்டவன் சோம்பேறி, அட்டை வைக்கல. அக்கா கன்னம் போயிருக்கும், நல்லவேளை." இறந்துபோனவளை அவள் அக்கா என்றாள். "அவருக்கு அடுத்த வாரம் பிறந்தநாள். இவ போட்டோவையும் அக்கா போட்டோவையும் சேர்த்து ஒரே பிரேம்ல போட்டுக் குடுக்கலாம்னு இவதான் சொன்னா."

"உங்க போட்டோ?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எனக்கு எதுக்கு? நான்தான் போடறவளாச்சே" என்றாள்.

கல்லைக் கீழே வைத்தாள்.

"நீங்க என்னைத் தப்பா நெனச்சதுல எனக்கு ஆச்சரியம் இல்ல டீச்சர். கேட்டுல நான் அவ கையைப் பிடிக்க மாட்டேன்னு எல்லாரும் பாக்கறது எனக்குத் தெரியும். இந்தக் கையில எப்பவும் தூள் இருக்கும், கழுவினாலும் போகாது. பிடிச்சா அவளுக்குக் குத்தும். இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது? ஆனா ஒண்ணு. அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து குதிச்சா. 'சித்தி, உன்னைப் பத்தி எழுதிருக்கேன், உண்மையை அப்படியே எழுதிருக்கேன், ஆனா மிஸ்ஸால கண்டுபிடிக்கவே முடியாது'ன்னா. திங்கக்கிழமை நடந்ததைக் கேட்டுட்டு அவரும் லாரியில இருந்து போன் பண்ணாரு. 'புள்ளைய என்ன பண்ணே?'ன்னு கேட்டாரு. ஏன் பண்ணேன்னுகூட கேக்கல."

மன்னிச்சிடுங்க என்றேன். "சரிங்க டீச்சர்" என்றாள். அவ்வளவு மரியாதையான குரலில் யாரும் என்னை அறைந்ததில்லை.

சனிக்கிழமை பெரிய மிஸ்ஸையும் இழுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் பெரிய மிஸ், "நீ வந்து சொன்னது தப்பில்ல. நாளைக்கு இன்னொரு பிள்ளை இப்படி எழுதினாலும் நீ வந்து சொல்லத்தான் வேணும். ஆனா தாளைக் காட்டறதுக்கு முன்னாடியே கதையைச் சொல்லி முடிச்சிட்டே. நானும் பதறிப்போய் போனை எடுத்துட்டேன்" என்றார். அவர் பழியைப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்த்தது பெருந்தன்மை. எனக்கு அதில் பாதி குறையவில்லை.

பெரியம்மா லேசில் மசியவில்லை. "நெருப்பில்லாம புகையுமா?" என்றாள்.

"புகையைக் கிளப்பினதே நான்தாங்க. நெருப்பே இல்லை" என்றேன்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பட்டாணி எட்டிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் இன்னும் சுருங்கிப்போயிருந்தாள். மெதுவாக என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "கண்டுபிடிச்சிட்டீங்களா மிஸ்?" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. தாழ்வாரத்தில் என் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாளே, அது பயம் இல்லை. விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்திருக்கிறாள். நான் மூன்று காரணம் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். ஆட்டோவில் ஏற்றும்போதும் அதற்காகத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

"நான் கண்டுபிடிக்கல கண்ணு. வக்கீல் கண்டுபிடிச்சா. பிறந்தநாள்னு சொல்லிட்டா" என்றேன்.

பட்டாணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, விதி விதிதான் என்பதால், அந்த முன்னறையில் தனியாக நின்று கைதட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா வந்து, பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, பதினோராம் நாள் அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிப் போனார். பிறந்தநாள் அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

விளையாட்டை நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். பிள்ளைகள் விடவில்லை. பட்டாணியும் மறுபடி எழுதினாள். ஆனால் இப்படி எழுதினாள்: 'நான் குரங்கு. நான் குட்டியின் கையில் இருந்த பழத்தைப் பிடுங்கினேன். காரணம்: பழம் அழுகிப் போயிருந்தது. நான் கெட்ட குரங்கு இல்லை. நான் குட்டியைத் திட்டினேன். காரணம்: அது கிணற்று மேல் ஏறியது. அடிக்கவில்லை.' எல்லா வரிக்கும் கீழே காரணம். வக்கீல் எரிச்சலோடு, "மிஸ், இவ எல்லாத்தையும் இவளே சொல்லிடறா. நாங்க என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?" என்றாள். காரணத்தை மறைத்து எழுது என்று பட்டாணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

அதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. அவள் திரும்பி வந்த மறுநாள், கைக்குறிப்பேட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுப்பாடம் எழுதுகிற குறிப்பேடு. பெற்றோர் குறிப்பு என்று ஒரு பத்தி இருக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை. அதில், வெட்டிய கண்ணாடி மாதிரி நேர்கோடான எழுத்தில், சித்தி எழுதியிருந்தாள்.

'இடது முழங்காலில் சிராய்ப்பு. மாடிப்படியில் தடுக்கி விழுந்தாள். பார்த்தவர்: எதிர் வீட்டு அம்மா.'

அடுத்த நாள்: 'காலையில் தலை பின்னும்போது சிக்கு இழுத்துவிட்டது. அழுதாள். இரண்டு நிமிடம். வேண்டுமென்று இழுக்கவில்லை.'

அதற்கடுத்த நாள்: 'இரவு சாதம் மிச்சம் வைத்தாள். பசியில்லை என்றாள். நான் போடாமல் இல்லை.'

ஒரு நாள்கூட விடவில்லை. நான் போய்ச் சொன்னேன், கெஞ்சினேன். "இதெல்லாம் எழுத வேணாம்மா. யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன். "பரவாயில்ல டீச்சர், இருக்கட்டும். எழுதி வெச்சா எனக்குத் தூக்கம் வருது" என்றாள். முன்பு பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தவள், இப்போது பிள்ளையை இரண்டடி முன்னால் நடக்கவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பின்னால் நடக்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் அந்தக் குறிப்புகளுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். பார்த்துவிட்டேன், நம்புகிறேன், உன் மேல் குற்றமில்லை என்று ஒரு தாய்க்கு நான் தினமும் சான்றிதழ் கொடுக்கிறேன். எனக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்? நானேதான் எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை பட்டாணி குறிப்பேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

'நேற்று சாப்பிடும்போது என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டாயப்படுத்தவில்லை. பார்த்தவர்: அவள் அப்பா.'

வரிகள் கலங்கித் தெரிந்தன. வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் சத்தமாக வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதற்குக் கீழே எப்படிக் கையெழுத்துப் போடுவது?

பட்டாணி என் கையைத் தொட்டாள்.

"சீக்கிரம் போடுங்க மிஸ். போடலைன்னா அம்மா பயந்துடுவாங்க."

போட்டேன்.